துலாவர்ஷ இடியும் தங்கையின் அலாரமும்

என் தங்கை தனியாகக் குடியிருக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று எங்கள் வீட்டில் ரசம் அப்படியே மிஞ்சியது. அவளுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மலையாளப் படங்களுக்குத் தமிழில் வசன வரிகள் எழுதித் தரும் வேலையை வீட்டிலிருந்தபடியே பார்க்கிறாள். யார் கையையும் எதிர்பார்ப்பதில்லை. வேறொரு பெண் இப்படிச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பார்கள். என் தங்கைக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையில் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். எப்போதாவது மீறிக்கொண்டு வரும்.

வலிப்பு என்ற வார்த்தையே எங்கள் வீட்டில் புழங்காது. 'அது' என்போம். "அது வந்துதா?" "அது வந்து ரொம்ப நாளாச்சு." உறவுக்காரர்கள் வந்திருந்தால் அதுவும் கிடையாது. அம்மா புருவத்தைத் தூக்குவாள், தங்கை இல்லையென்று தலையாட்டுவாள். கல்யாணம் தட்டிப்போய்விடக் கூடாது என்று ஆரம்பித்த ரகசியம், கல்யாணப் பேச்சே நின்றுபோன பிறகும் பழக்க தோஷத்தில் தொடர்ந்தது. நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்பேன். அவளுக்கு அந்தப் பதில் சுத்தமாகப் பிடிக்காது.

"என்னைச் சொல்லி நீ தப்பிச்சுக்கறே அண்ணா. எனக்கு அது ஒரு பாரமாக்கும், கேட்டயா?" என்பாள்.

கடைசியில் அம்மா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். தங்கை கையில் பொத்தான் வைத்த பட்டை ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். அமுக்கினால் அந்த நிமிஷமே எனக்குத் தகவல் வர வேண்டும். ஒரே ஒரு தடவை அது வேலை செய்யாமல் போனாலும், மூட்டை முடிச்சோடு கரமனைக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட வேண்டும். தங்கை உடனே சரி என்றாள். நான் திருவனந்தபுரத்தின் மறுகோடியில், கழக்கூட்டத்தில் ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் பார்த்துக்கொள்கிறவன். பெரிய பெரிய கட்டடங்களையே இணைத்து வைக்கிறவனுக்கு ஒரு பொத்தான் என்ன பிரமாதம் என்று அம்மா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

கோட்டைக்குள் ஓர் அக்ரஹாரத் தெருவில், நெடுக்கவே போகும் பழைய வீடு ஒன்றின் முன்பாதி அவளுக்கு வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர்கள் பெங்களூரில். எதிர் வீட்டின் முன்பாதியில் தென்காசிப் பக்கத்து அக்கா ஒருவர் இட்லி மாவு அரைத்து விற்கிறார். அவருடைய கிரைண்டர் ஓடினால் எங்கள் பக்கத்துச் சுவர் வரைக்கும் அதிரும். நான் முதலில் கவலைப்பட்டது அந்தச் சத்தத்தைப் பற்றித்தான். தலைவலி வந்தால் அதுவும் வருமோ என்று. எதைப் பார்த்தாலும் அது வருமோ என்று யோசிப்பது என் சுபாவம். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புகிறவன் நான்.

அலாரம் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. கைப்பட்டையிலிருந்து சைகை வாங்கி, இணையம் வழியாக அலாரக்காரர்களின் சர்வருக்கு அனுப்பும். அங்கிருந்து என் போன் அலறும். தகவல் போய்ச் சேர்ந்துவிட்டால் பெட்டி இரண்டு முறை 'பீப்' என்று சொல்லும். இது தவிர, சும்மா இருக்கும்போதும் அவ்வப்போது சர்வரைத் தட்டி, நான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும். அப்படிச் சொல்லாமல் கொஞ்ச நேரம் போனால், பெட்டியைக் காணவில்லை என்று எனக்குச் செய்தி வரும். இவ்வளவு இருக்கிறதே, இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று எனக்கே ஒரு தெம்பு வந்தது.

இதற்கிடையில் தங்கை இன்னொன்று சொன்னாள். விட்டுவிட்டு மின்னுகிற வெளிச்சம் அவளுக்கு ஆகாது. போன தடவை அது வந்தபோது கணினியில் ஏதோ ஒரு விளம்பரம் பளிச் பளிச்சென்று மின்னியதாக அவளுக்கு ஞாபகம். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. விளம்பரம் எதுவுமே அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று தீர்மானித்தேன்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் வீடுகளுக்கு டி.சி. நம்பர் என்று ஒன்று உண்டு. பழைய நம்பர், புது நம்பர், குடியிருப்போர் சங்கம் தன் பங்குக்கு வைத்த நம்பர் என்று ஒரே வீட்டுக்கு மூன்று இருக்கும். எந்த ஆட்டோக்காரரும் அதைக் கேட்டு வீடு கண்டுபிடித்ததாக நான் அறியேன். இன்னார் வீடு எது என்று முக்குக் கடையில் கேட்டால்தான் காரியம் ஆகும். இயந்திரங்கள் இதற்கு நேர்மாறு. நம்பர் தெரியாமல் ஓரடி எடுத்து வைக்காது. நாம் கொடுப்பதோ பெயர். அந்தப் பெயருக்கு என்ன நம்பர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவற்றுக்கும் ஒரு முக்குக் கடை வேண்டும். டி.என்.எஸ். என்பது அதுதான், பயப்பட ஒன்றுமில்லை.

நான் செய்தது, அந்தக் கடையை வீட்டுக்குள்ளேயே கொண்டு வந்து வைத்தது. உள்ளங்கையளவு கறுப்புப் பெட்டி. விளம்பரக்காரர்களின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்படி யாரும் இல்லை என்று கையை விரித்துவிடும். மற்றவர்களுக்கு ஒழுங்காக நம்பர் சொல்லும். ஒவ்வொரு சாதனத்தின் அமைப்புப் பக்கத்திலும் டி.என்.எஸ். என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். யாரைக் கேட்பது என்பது முதல் கட்டத்தில். அவர் பதில் சொல்லாவிட்டால் வேறு யாரைக் கேட்பது என்பது இரண்டாவதில். முதல் கட்டத்தில் கறுப்புப் பெட்டியின் நம்பரைப் போட்டேன். இரண்டாவதை வேண்டுமென்றேதான் காலியாக விட்டேன். வெளியிலிருக்கும் வேறொரு கடையைக் காட்டிக் கொடுத்தால், சாதனம் சில நேரம் அங்கே போய் விசாரித்துவிடும். விளம்பரமும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கணினி, போன், டி.வி. என்று ஒவ்வொன்றாக இப்படிச் செய்துவிட்டு, அதே கையோடு அலாரப் பெட்டியிலும் செய்தேன். அதற்குத் திரையே கிடையாது. அதில் எந்த விளம்பரம் வந்து மின்னப் போகிறது என்று கேட்டுக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

அலாரம் அடித்தால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று போனில் அலாரச் செயலி கேட்டபோது என் நம்பரை மட்டும் கொடுத்தேன். தங்கை தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதிராத்து அக்கா நம்பரும் போடலாமே அண்ணா. எப்பவும் ஆத்துலதானே இருக்கா."

"தெரு பூரா தெரியணுமா? அம்மா என்னைக் கொன்னுடுவா. நான் ஒருத்தன் இருக்கேனே, போறாதா?"

அவள் ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு "செரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் குடிபோன பிறகு நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆபீஸில் கூட்டம் நடக்கும்போது போனை மேஜைமேல் நிமிர்த்தி வைத்திருப்பேன். பெட்டி இருக்கிறது என்று காட்டும் பச்சை விளக்கு அதில் தெரிந்தால் மூச்சு சீராகும். குளிக்கப் போனால் பாத்ரூம் ஜன்னலில் போன். போன் சும்மா கிடக்கும் அமைதியும் எனக்கு ஆகாது, திடீர் மணியும் ஆகாது. மத்தியானம் கூப்பிட்டு, "சும்மாதான்" என்பேன். "சும்மான்னா வைச்சுடு, எனக்கு வேலை கிடக்கு" என்பாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பொத்தானை அமுக்கச் சொல்வேன். பீப் பீப். என் போன் அலறும். அவள், "போறுமா? மனசு குளுந்துதா?" என்று கேட்டுவிட்டுக் காப்பி கொடுப்பாள். அவள் முகத்தில் அப்படியொரு தெளிவை நான் கரமனையில் பார்த்ததே இல்லை. அதையும் ஒரு கவலையோடுதான் பார்த்தேன்.

பிறகு துலாவர்ஷம், அதாவது ஐப்பசி மழை, ஆரம்பித்தது.

துலாவர்ஷம் என்றால் மழை இரண்டாம்பட்சம், இடிதான் முக்கியம். காலையில் நல்ல வெயில் அடிக்கும். மத்தியானத்துக்குப் பிறகு கிழக்கே மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். முதல் உறுமல் கேட்டதுமே திருவனந்தபுரம் முழுவதும் ஒரு காரியம் நடக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் எழுந்து போய் டி.வி. பிளக்கைப் பிடுங்குவார். பிறகு ஃபிரிட்ஜ், மிக்ஸி, கணினி. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக் குழியை விட்டு வெளியே வந்தாக வேண்டும். போனையும் அணைத்துத் தூர வைத்துவிட்டு, ஜன்னல் கம்பியைத் தொடாமல் நடுக் கூடத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டிலும் இதுதான் வழக்கம். அம்மா சொல்லிக் கொடுத்ததைத் தங்கை அப்படியே செய்வாள்.

இதை யோசிக்காத ஆளா நான்? ரூட்டருக்கும் அலாரப் பெட்டிக்கும் தனியாக ஒரு பேட்டரி வாங்கி வைத்து, மேலே டேப் ஒட்டி, 'இடி இடித்தாலும் எடுக்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். தங்கை அதை ஒரு நாளும் தொட்டதில்லை. ஆனால் கறுப்புப் பெட்டி டி.வி.க்குப் பக்கத்தில், டி.வி.யின் எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிக் கிடந்தது. டி.வி.க்காகப் போர்டைப் பிடுங்கினால் அதுவும் சேர்ந்து அணையும்.

ஐப்பசியின் முதல் நாட்களில் எதுவும் நடக்கவில்லை. ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்ட நம்பரை அலாரப் பெட்டி கொஞ்ச நேரம் ஞாபகத்தில் வைத்திருக்கும். அதற்குள் இடி ஓய்ந்து, தங்கை போர்டைத் திரும்பச் செருகிவிடுவாள். என் போனில் பச்சை விளக்கு பச்சையாகவே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை இடி ஓயவில்லை. கழக்கூட்டத்தில் எங்கள் கட்டடத்தின் கண்ணாடிகள் நடுங்கின. நான்காவது மாடியில் யாரோ ஒருவர் பழக்கத்தில் தன் மடிக்கணினியின் பிளக்கைப் பிடுங்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் போனில் அந்தச் செய்தி வந்தது. பெட்டியைக் காணவில்லை.

உடனே தங்கையைக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். இடிக்காக அணைத்திருப்பாள், தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அம்மாவிடம் சொல்ல முடியாது. அவள் முட்டிவலியோடு மாடிப்படி இறங்குவதற்குள் விழுந்து வைப்பாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு என்ன சொல்வது? என் தங்கை போனை அணைத்திருக்கிறாள் என்றா? எதிர் வீட்டு அக்கா ஒரு குரல் கூப்பிட்டுப் பார்த்தால் போதும். ஆனால் அவருடைய நம்பர் என்னிடம் இல்லை. அந்தத் தெருவில் ஒருவருடைய நம்பர்கூட என்னிடம் இல்லை. ரகசியத்துக்காக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமலே போய்வந்துகொண்டிருந்தேன்.

ஸ்கூட்டரில் போனால் போனைப் பார்க்க முடியாது என்று ஆட்டோ பிடித்தேன். பைபாஸில் மழை ஒரு சுவராக நின்றது. ஓட்டுநர் கண்ணாடியைத் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினார். "சாரே, ஈஞ்சக்கல்ல வெள்ளம் கேறிக் கிடக்கும். பதுக்கெத்தான் போகணும்" என்று பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகச் சொன்னார். மெதுவாகப் போக எனக்கு மனசில்லை. என்ன சொல்லி அவசரப்படுத்துவது என்றும் தெரியவில்லை.

அவள் கூடத்தில் விழுந்து கிடப்பது போலக் கண்ணுக்குள் தெரிந்தது. மேஜை முனை, அம்மிக்கல், கிணற்றடி என்று ஒவ்வொன்றாக வந்தது. அந்த வீட்டில் இடிக்கக்கூடிய முனைகள் எத்தனை என்று எனக்கு மனப்பாடம்.

மனசைக் கட்டுப்படுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி வேலை. போனிலிருந்து அவள் வீட்டு ரூட்டருக்குள் நுழைந்து பார்த்தேன். அதற்கு நான் பெயரை வைத்துப் போவதில்லை, நிலையான நம்பர் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். ரூட்டர் உடனே பதில் சொன்னது. அப்படியானால் லைன் போகவில்லை. அலாரப் பெட்டியைத் தட்டினேன். அதுவும் பதில் சொன்னது. அப்படியானால் அதற்கு மின்சாரமும் இருக்கிறது. விளக்குகூட எரிந்துகொண்டிருக்கும். எல்லாம் உயிரோடு இருந்தும் சர்வரிடம் ஏன் பேசவில்லை? மூன்றாவதாகக் கறுப்புப் பெட்டியைத் தட்டினேன். பதில் இல்லை.

சாக்கை மேம்பாலத்தின் ஏற்றத்தில், லாரி ஒன்றின் பின்னால் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு எல்லாம் விளங்கியது. டி.வி. பிளக். அதோடு போன கறுப்புப் பெட்டி. ஞாபகத்தில் இருந்த நம்பரும் காலாவதியாகி, சர்வரின் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிற அலாரப் பெட்டி. நான் காலியாக விட்ட அந்த இரண்டாவது கட்டம்.

உடனே அலாரப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். அது திறப்பதற்குள் இரண்டு மின்னல் வெட்டியது. ஈர விரலுக்குத் திரை அடங்கவில்லை, சட்டையில் துடைத்துத் துடைத்து இரண்டாவது கட்டத்தில் வெளியிலிருக்கும் பொதுவான ஒரு டி.என்.எஸ். நம்பரைப் போட்டுச் சேமித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பச்சை விளக்கு வந்தது. எனக்கு வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது. அப்பாடா, அவள் பேசாமல் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருப்பாள், நான்தான் வழக்கம்போல ஊரைக் கூட்டுகிறேன் என்று நினைத்த அதே நேரம் போன் அலறியது.

பொத்தான் அமுக்கப்பட்டது என்று திரை முழுக்கச் சிவப்பாக எழுதியிருந்தது. கீழே சின்ன எழுத்தில் அமுக்கிய நேரம். நான் ஆபீஸில் மற்றவர்களோடு சிரித்துக்கொண்டிருந்த நேரம் அது. பெட்டி அந்தச் செய்தியை அனுப்ப வழியில்லாமல் அதுவரை வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதன் பிறகு வழியில் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. ஈஞ்சக்கல்லில் தண்ணீர் ஆட்டோவின் மிதி வரை வந்தது. ஓட்டுநர் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஏதேதோ சந்துகளில் புகுந்து போனார். அவள் கூப்பிட்டிருக்கிறாள், நான் வரவில்லை. இது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. செருப்போடு உள்ளே ஓடினேன். கூடத்தில் பாய் விரித்து, தங்கை ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைக்கடியில் மடித்த போர்வை. உதட்டோரம் கடித்த காயம். எதிர் வீட்டு அக்கா பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, மறு கையில் முறத்தை வைத்து விசிறிக்கொண்டிருந்தார். மேஜை சுவரோரம் தள்ளிக் கிடந்தது.

"வாங்க அண்ணாச்சி. பயப்படாதீய, எல்லாம் அடங்கிட்டு. பிள்ளை இப்பம்தான் முழிச்சு ரெண்டு வார்த்தை பேசுனா" என்றார் அக்கா. "அடி ஒண்ணும் படல. வருதுன்னு தெரிஞ்சதும் கதவைத் தொறந்து போட்டுட்டு, தரையில படுத்துக்கிட்டே என்னைக் கூப்பிட்டுட்டா. நல்லவேளைக்கு இடிக்குன்னு கிரைண்டர் பிளக்கைப் புடுங்கிட்டுச் சும்மா இருந்தேன். இல்லாட்டி அந்தச் சத்தத்துல எனக்குக் கேட்டிருக்காது."

நான் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்காவைப் பார்த்து, "இவளுக்கு... அது... வந்து..." என்று இழுத்தேன். முப்பது வருஷப் பழக்கம் நாக்கைப் பிடித்தது.

"வலிப்புதானே அண்ணாச்சி? குடி வந்த அன்னைக்கே சொல்லிட்டா. ஒருக்களிச்சுப் போடணும், வாயில ஒண்ணும் வைக்கப்படாது, ரொம்ப நேரம் நிக்காம போச்சுன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்னு எல்லாம் சொல்லித் தந்திருக்கா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுந்தார். "பாலில்லாம ஒரு கட்டஞ்சாயா போட்டு எடுத்துட்டு வாரேன். நீங்களும் நனைஞ்சு போயிருக்கீய."

அவர் போனதும் தங்கை கண்ணைத் திறந்தாள். குரல் குழறியது.

"பொத்தானை அமுக்கினேன் அண்ணா. பீப் வரலை."

"தெரியும். தப்பு என்னோடதுதான். சரி பண்ணிட்டேன்."

"அது வரதுக்கு முன்னாடி எப்பவும் வருமே, அந்தத் திரி அணைச்ச வாசனை வந்துது. வந்துடும்னு தெரிஞ்சுபோச்சு. பீப் வரலைன்னதும் வாசலைப் பாத்து அக்கான்னு கத்தினேன்."

சொல்லிவிட்டு உத்தரத்தைப் பார்த்தாள். கண்ணோரம் ஈரம் இறங்கிக் காதுக்குள் போனது. நான் துடைக்கப் போனேன், கையைத் தள்ளினாள்.

"அலாரம் வேலை செய்யலை. இனி அம்மாட்ட சொல்லிடுவே, இல்லையா? நான் மூட்டையைக் கட்டணும், அதானே?"

அந்த நிமிஷம் அவளை அள்ளிக்கொண்டு கரமனைக்குப் போய்விட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. பக்கத்து அறையில் அவள் தூங்கினால், நடுவில் ஒரு சுவர்தான். எந்தப் பெட்டியும் எந்த நம்பரும் வேண்டாம். என் மனசுக்கு அதுதான் வேண்டியிருந்தது. சொல்ல வாயெடுத்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். "நான் கூப்பிட்டேன். ஆள் வந்துது. பின்னே எது வேலை செய்யலை அண்ணா? நீ வைச்ச பெட்டிதான் வரலை."

எனக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. ஆபீஸை விட்டு, மழையில், வெள்ளத்தில் வந்திருக்கிறேன், இவள் பேசுகிற பேச்சைப் பார் என்று. ஆனால் அக்கா தள்ளி வைத்த மேஜையைப் பார்த்தேன். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, அவள் விழித்துப் பேசவும் தொடங்கியிருந்தாள். இந்த மழையில் பீப் ஒழுங்காக வந்திருந்தாலும் நான் வந்து சேர்ந்திருக்கக்கூடிய நேரம் ஏறக்குறைய இதுதான். எவ்வளவு நல்ல டி.என்.எஸ். போட்டாலும் கழக்கூட்டம் கழக்கூட்டத்தில்தான் இருக்கும்.

"அக்கா நம்பரைச் சொல்லு" என்றேன்.

அவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு போனை எடுத்து உயிர்ப்பித்து, தேடிக் காட்டினாள். நான் அலாரத்தின் பக்கத்தைத் திறந்து என் பெயருக்குக் கீழே அக்காவின் நம்பரை ஏற்றினேன்.

"மேலே போடு" என்றாள்.

"என்ன?"

"அக்காவுக்கு முதல்ல அடிக்கட்டும். நீ ரெண்டாவது. எதிராத்துலேர்ந்து வரதுக்கும் கழக்கூட்டத்துலேர்ந்து வரதுக்கும் வித்தியாசம் இல்லையா?"

பெயரை விரலால் பிடித்து மேலே இழுத்தால் போதும், வரிசை மாறிவிடும். அத்தனை சின்ன வேலை. என் விரல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. சின்ன வயதில் அவளுக்கு முதன்முதலாக அது வந்தபோது பள்ளிக்கூட மைதானத்தில் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். அன்றிலிருந்து எல்லாவற்றிலும் முதல் ஆள் நானாகவே இருந்துவிட்டேன். அதிலிருந்து இறங்குவது இவ்வளவு வலிக்கும் என்று நினைக்கவில்லை. இழுத்தேன். அக்கா மேலே போனார். நான் கீழே வந்தேன்.

சாயா வந்தது. அக்காவிடம் கேட்டேன். "இதுல என்ன அண்ணாச்சி இருக்கு, போடுங்க" என்று சொல்லிவிட்டு, அவரும் தன் போனை நீட்டினார். அலாரச் செயலியை அதில் ஏற்றிக் கொடுத்தேன். மழை விட்டு, தெருவில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் இருந்தது. சாயங்கால மாவுக்கு ஆள் வந்துவிடும் என்று அக்கா கிளம்பினார். நான் எக்ஸ்டென்ஷன் போர்டைத் திரும்பச் செருகி, கறுப்புப் பெட்டியை அங்கிருந்து கழற்றிக் கொண்டுபோய், ரூட்டருக்குப் பக்கத்தில் பேட்டரியில் இணைத்தேன். டேப்பில் இன்னொரு வரி எழுதினேன். தங்கை பாயில் எழுந்து உட்கார்ந்து, சாயாவை ஊதிக்கொண்டு, நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கூப்பிட்டாள். ஆபீஸில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, இடி இப்படி இடிக்கிறதே, அவள் சௌக்கியமா, ஏதாவது செய்தி உண்டா என்று கேட்டாள். தங்கை கோப்பையை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"வலிப்பு வந்துது அம்மா" என்றேன். அந்த வார்த்தையை அம்மாவிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. "இப்போ நன்னா இருக்கா. எதிராத்துல ஒரு அக்கா இருக்கா, உடனே ஓடி வந்து பாத்துண்டா. நானும் இங்கேதான் இருக்கேன். ஒண்ணும் குழப்பமில்லை. இல்லே, கூட்டிண்டு வரலை. நான் மட்டும் வரேன். வந்து பேசறேன்."

அம்மா பட்டென்று வைத்துவிட்டாள். வீட்டுக்குப் போனால் என்ன காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

எதிர் வீட்டில் கிரைண்டர் ஓட ஆரம்பித்தது. சுவர் அதிர்ந்தது. எனக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது.

"இந்தச் சத்தத்துல போன் அடிச்சா அக்காவுக்குக் கேக்குமா?"

தங்கை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள். "உன்னைத் திருத்தவே முடியாது அண்ணா." சொல்லிக்கொண்டே கையைத் தூக்கிப் பொத்தானை அமுக்கினாள்.

பீப் பீப் என்றது பெட்டி. நான் என் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கேட்கவில்லை, கேட்கவில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். சட்டென்று கிரைண்டர் நின்றது. மாவு ஒட்டிய கையோடு, போனை முழங்கையால் அணைத்துக்கொண்டு அக்கா தெருவுக்கு வந்துவிட்டார். ஓடைபோல ஓடிய மழைத்தண்ணீரை இரண்டே எட்டில் தாண்டினார்.

அதற்குப் பிறகுதான் என் போன் அடித்தது. பழக்கத்தில் விரல் அதற்குப் போனது.

"எடுக்க வேண்டாம் அண்ணா" என்றாள் தங்கை உள்ளேயிருந்து. "ஆள் வந்தாச்சு."